அருணகிரியின் ஊரிலிருந்து டேவ் பிரூபெக்கைக் கேட்பது

1966 டிசம்பரில் ட்யூக் எல்லிங்டன் தான் பிறந்து வளர்ந்த வாஷிங்டன் நகரில் ஒரு புனித இசைக் கச்சேரி நடத்த வந்தார். உலகம் கொண்டாடிய ஜாஸ் மேதை அவர். மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் இந்தியப் பெருநகரங்களையும் கொழும்பையும் சுற்றி வாசித்துவிட்டுப் போயிருந்தார். 1965 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் அவருடைய முதல் புனிதக் கச்சேரி அரங்கேறி, கூட்டம் நிரம்பி வழிந்திருந்தது. ஆனாலும் சொந்த ஊரின் பாப்டிஸ்ட் போதகர்கள் மாநாடு அந்தக் கச்சேரியை ஆதரிக்க மறுத்துவிட்டது. இரவு விடுதிகளில் வாசிக்கிற மனிதர், அவர் வாழ்க்கை உலகியல் வாழ்க்கை, அந்த இசையும் அப்படித்தான் என்பது அவர்கள் தரப்பு.

இந்தக் குற்றச்சாட்டைத் திருவண்ணாமலையில் யாரிடமாவது சொன்னால் பெரிதாக ஆச்சரியப்பட மாட்டார்கள். உலகியலில் மூழ்கிக் கிடந்ததாகக் கதை சொல்லப்படும் ஒரு பாடகனுக்கு இந்த ஊரில் ஒரு கோபுரமே சாட்சியாக நிற்கிறது. இளமையில் பரத்தையரிடம் பொருளையும் உடலையும் தொலைத்த அருணகிரி, வாழ்க்கை வெறுத்து வல்லாள மகாராஜா கோபுரத்தின் மேலிருந்து குதித்தார், முருகன் தாங்கிப் பிடித்தான் என்பது வழிவழிச் செய்தி. கோபுரத்து இளையனார் என்று அங்கே ஒரு சன்னிதி உண்டு. விஜயநகர அரசன் பிரபுடதேவன் முன்னிலையில் தூணில் முருகன் காட்சி தந்த இடமாகக் கம்பத்து இளையனார் சன்னிதியைச் சொல்கிறார்கள். அந்த அரசனின் பெயர் பாட்டுக்குள்ளேயே வருவதால்தான் அருணகிரிநாதரைப் பதினைந்தாம் நூற்றாண்டில் வைக்க முடிகிறது.

கதை ஒருபுறம் இருக்கட்டும். பாட்டைப் பார்த்தாலே போதும். திருப்புகழில் கணிசமான பாடல்களின் முன்பாதி விலைமாதரின் கண்ணையும் குழலையும் கொஞ்சலையும் விடாமல் விவரித்துக்கொண்டே போகும். பின்பாதியில்தான் முருகனிடம் திரும்பும். கச்சேரி மேடையில் அந்த முன்பாதிகளை நாசூக்காகத் தவிர்த்துவிடுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அந்தச் சந்தத்தில் துள்ளும் உலகியல் வேகத்தைத் தவிர்க்க முடியாது. அருணகிரி அந்த வேகத்தைக் கழித்துவிட்டுக் கடவுளிடம் போகவில்லை, அதையும் கூட்டிக்கொண்டுதான் போனார்.

இதே ஊரில் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மாணிக்கவாசகர் இன்னொரு விதத்தில் அதைச் செய்துவிட்டார். திருவெம்பாவையும் திருவம்மானையும் திருவண்ணாமலையில் அருளப்பட்டவை என்பது மரபு. ஒன்று, விடியலில் தோழியரை எழுப்பி நீராடப் போகும் பெண்களின் பாட்டு. மற்றது, காய்களைத் தூக்கிப்போட்டுப் பிடித்து ஆடும் விளையாட்டுப் பாட்டு. பொன்னூசல், தெள்ளேணம், சாழல், உந்தி என்று திருவாசகத்தில் பல பெயர்கள் பெண்கள் ஆடிய ஆட்டங்களின் பெயர்கள். தெருவிலும் முற்றத்திலும் இருந்த உருவத்தைத் தூக்கி மூலவர் முன்னால் நிறுத்துவது நமக்குப் புதிதல்ல.

அதனால்தான் இந்த ஊரின் வாசலில் நின்றுகொண்டு அமெரிக்க ஜாஸ் கலைஞர் டேவ் பிரூபெக்கின் கிறித்தவ இசையைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஜாஸ் உலகிலிருந்து கிறித்தவ வழிபாட்டுக்கு இசை எழுதியவர்களில் எல்லிங்டன் புகழ்பெற்றவர். மேரி லூ வில்லியம்ஸ் என் கணிப்பில் மூவரிலும் ஆழமானவர். 1954இல் பாரிசில் மேடையை விட்டு இறங்கி, 1957இல் கத்தோலிக்கராகி, கலப்பினத் துறவியான பெரு நாட்டு மார்ட்டின் தெ போரஸ் புனிதராக அறிவிக்கப்பட்டதை ஒட்டி 'ஆண்டீஸ் மலையின் கறுப்புக் கிறிஸ்து'வைப் படைத்தவர் அவர். 1975இல் அவருடைய திருப்பலி இசை நியூயார்க்கின் புனித பேட்ரிக் பேராலயத்திலேயே ஒலித்தது. ஆனாலும் நமக்குக் கிட்டத்தில் வந்தவர் பிரூபெக்தான். மதத்துக்கு வெளியே நின்றுகொண்டு மத இசையை எழுத ஆரம்பித்து, எழுதி எழுதியே உள்ளே போனவர். போகும் வழியில் ஒரு தடவை சென்னையில் மிருதங்கமும் கேட்டவர்.

1958இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அவருடைய நால்வர் குழுவைப் போலந்து தொடங்கி துருக்கி, இந்தியா, இலங்கை, கிழக்கு மேற்குப் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், இராக் என்று ஒரு நீண்ட சுற்றுக்கு அனுப்பியது. பனிப்போர்க் காலம். சோவியத் பாலேவுக்கு அமெரிக்காவின் பதிலாக ஜாஸ் ஏற்றுமதியானது. பியானோவில் பிரூபெக், ஆல்டோ சாக்ஸபோனில் பால் டெஸ்மண்ட், பாஸில் யூஜின் ரைட், டிரம்ஸில் ஜோ மொரெல்லோ. நால்வரில் ரைட் கறுப்பர். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

பம்பாயில் சிதார் கலைஞர் அப்துல் ஹலீம் ஜாபர் கானோடு பிரூபெக் உட்கார்ந்தார். சென்னையில் மொரெல்லோ சந்தித்தது பழனி சுப்பிரமணிய பிள்ளையை. தமிழ் வாசகர்கள் இந்தச் சந்திப்பின் எடையைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பழனி இடக்கையர். மிருதங்கத்தின் வலந்தலை அவருக்கு இடப்பக்கம். அதனால் மேடையில் வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டும். இதற்கு உடன்படாதவர்கள் இருந்தார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் பிடிவாதமாக அவருக்கு இடம் பண்ணிக் கொடுத்துத் தூக்கிவிட்டார். தந்தை முத்தையா பிள்ளை, கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மான்பூண்டியா பிள்ளையின் சீடர். ஆக, புதுக்கோட்டை வழியின் கணக்கு முழுவதும் அந்தக் கைகளில் இருந்தது. எதிரே உட்கார்ந்த மொரெல்லோவும் லேசானவர் அல்ல. பிறவியிலேயே பார்வைக் குறை. சிறுவயதில் வயலின் படித்தவர், வயலின் மேதை ஹைஃபெட்ஸைக் கேட்டபின் இனி நமக்கு வயலின் ஆகாது என்று டிரம்ஸுக்குத் தாவியவர். ஊர் திரும்பியதும் குழு பதிவு செய்த 'யூரேசியா பற்றிய ஜாஸ் பதிவுகள்' தொகுப்பில் 'கல்கத்தா புளூஸ்' என்று ஓர் உருப்படி இருக்கிறது. இந்தியாவின் சுவடு அதில் வெளிப்படையானது.

அந்தப் பயணத்தின் பெரிய விளைச்சல் மறு ஆண்டு வந்தது: 'டைம் அவுட்'. வழக்கமான நாலெண்ணி தாளத்தை விட்டு விலகிய பாடல்களாகவே ஒரு தட்டு. கம்பெனி நிர்வாகிகள் பலருக்குப் பிடிக்கவில்லை, இதற்கு யார் நடனமாடுவது என்று கேட்டார்கள். அது பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது. அதில் வரும் 'புளூ ரோண்டோ அ லா டர்க்' என்ற பாட்டின் தாளத்தைப் பிரூபெக் கேட்டது இஸ்தான்புல் தெருவில். வானொலி நிலையத்து வாத்தியக்காரர்களிடம் விசாரித்தபோது, உங்களுக்கு புளூஸ் எப்படியோ எங்களுக்கு இது அப்படி என்ற பொருளில் பதில் கிடைத்ததாம்.

அதைச் சொற்கட்டில் சொல்லிப் பார்த்தால் நமக்கு உடனே பிடிபடும். தக தக தக தகிட, தக தக தக தகிட, தக தக தக தகிட என்று மூன்று தரம். நாலாவது தரம் மட்டும் தகிட தகிட தகிட. எல்லா வரியிலும் ஒன்பதுதான். முதல் மூன்றில் இரண்டிரண்டாக நடந்து கடைசியில் மூன்றாகச் சாய்கிறது. நாலாவதில் முழுக்க மூன்று மூன்றாக உருள்கிறது. கணக்கு மாறாமல் நடை மாறுகிறது. நம் ஊர் சங்கீர்ணத்தைப் பெரும்பாலும் தகதிமி தகதகிட என்று நாலும் ஐந்துமாகப் பிரித்தே பழகிய கைக்கு இது முதலில் இடறும், இரண்டாம் சுற்றில் உட்கார்ந்துவிடும். டெஸ்மண்ட் எழுதிய 'டேக் ஃபைவ்' இன்னும் எளிது. தகிட தக, தகிட தக. உலகத்து ஹோட்டல் லாபிகளிலெல்லாம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிற கண்டம்.

திருப்புகழுக்கும் இதற்கும் இருக்கும் உறவு செல்வாக்கு உறவல்ல, அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டிலும் ஒரே வகை மனம் வேலை செய்கிறது. அருணகிரி பாடிய மெட்டுகள் நமக்குக் கிடைக்கவில்லை. பாடல்களே கிடைத்திருக்காது. முன்சீப்பாக இருந்த வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடி அலைந்து 1890களில் அச்சேற்றத் தொடங்கியிராவிட்டால் இன்றைய ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது. மெட்டு போனாலும் சந்தம் சொல்லிலேயே பூட்டப்பட்டிருந்ததால் தப்பியது. குறில் நெடில், வல்லொற்று மெல்லொற்று என்ற அடுக்கே தாளத்தைச் சொல்லிவிடும். ஒன்றரை, இரண்டரை, மூன்று என்று துண்டுகளைக் கோத்து வரும் அந்தச் சந்தங்களுக்கு வழக்கமான ஆதியும் ரூபகமும் பல இடங்களில் பொருந்துவதில்லை. தனித் தாளமே கட்ட வேண்டியிருக்கிறது. சேஷாத்ரி சுவாமிகள் திருவண்ணாமலையில் திருப்புகழின் பக்கம் திருப்பிவிட்ட வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் அதை ஊர் ஊராகப் பாடிப் பரப்பியபோது, எழுத்தறியாதவர்கூடப் பிடித்துக்கொள்ள உதவியது அந்தச் சந்தம்தான்.

பிரூபெக்கின் காதில் இந்தக் கணக்கு முதலில் ஏறியது எந்தப் பள்ளியிலும் அல்ல. கலிபோர்னியாவில் அப்பாவின் மாட்டுப் பண்ணையில் குதிரை மேல் போகும்போது குளம்படியின் மேல் வேறொரு தாளத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பார். தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் சத்தத்துக்கு எதிராக இன்னொரு கணக்கு. அம்மா பியானோ ஆசிரியை, ஆனால் பையனுக்கு நொட்டேஷன் வாசிக்க வரவில்லை. பசிபிக் கல்லூரியில் கடைசி ஆண்டில் குட்டு வெளிப்பட்டது. எங்கும் ஆசிரியராகப் போக மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் 1942இல் பட்டம் தந்தார்கள். பாடாந்தரமாகக் கற்று வளர்ந்த நம் வித்வான்கள் இதைக் கேட்டால் இதில் என்ன குற்றம் என்பார்கள்.

பட்டம் வாங்கியவர் நேரே பட்டாளத்துக்குப் போனார். 1944இல் ஐரோப்பாவில் அமெரிக்கத் தளபதி பேட்டனின் மூன்றாம் படை. போர்முனைக்குப் போகவிருந்த நேரத்தில் செஞ்சிலுவைப் பெண்களின் நிகழ்ச்சிக்குப் பியானோ வாசிக்க ஆள் கேட்டார்கள், கை தூக்கினார். கேட்ட கர்னல் இந்த ஆளை முனைக்கு அனுப்பாதே என்று நிறுத்தி வைத்தார். அந்த இடைவெளியில் அவர் அமைத்த இசைக்குழுவில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து வாசித்தார்கள், படையே நிறவாரியாகப் பிரிந்திருந்த காலத்தில். பைபிளின் கட்டளைகளுக்கு இசை எழுத வேண்டும் என்ற எண்ணம் முளைத்தது அங்கேதான் என்று பின்னாளில் சொன்னார். ஒரே பத்துக் கட்டளைகளை ஓதி வளர்ந்தவர்கள் எதிரெதிரே நின்று கொன்றுகொண்டிருந்தார்கள். இதைப் பார்த்த இளைஞனுக்குத் தோன்றிய எண்ணம் அது. பக்திப் பரவசத்தில் பிறந்ததல்ல, ஏறத்தாழ ஒரு வழக்கு.

போர் முடிந்ததும் மில்ஸ் கல்லூரியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டாரியுஸ் மீயோவிடம் படித்தார். நாஜிகளுக்குத் தப்பி வந்த யூதர் மீயோ. 1923லேயே ஜாஸை வைத்து பாலே இசை எழுதியவர். ஜாஸை விட்டுவிடாதே என்று மாணவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தவரும் அவர்தான்.

புனித இசை உண்மையில் ஒரு சாவில் தொடங்கியது. அண்ணன் மகன் பதினாறு வயதில் மூளைக் கட்டியால் இறந்தபோது, அண்ணன் குடும்பத்துக்கு ஆறுதலாக யோவான் நற்செய்தியின் கலங்க வேண்டாம் என்ற வசனத்தை எடுத்துச் சிறிய பாடற்குழு இசை ஒன்றை எழுதினார். அது வளர்ந்து வளர்ந்து 'வனாந்தரத்தில் ஒளி' என்ற முழு ஒரட்டோரியோ ஆனது. இயேசுவின் சோதனைகள், மலைப்பிரசங்கம், சீடர் அழைப்பு என்று போகிற பெரிய உருப்படி. இயேசுவின் சொற்களைப் பாரிடோன் குரல் பாடும். வசனங்களைத் தொகுத்ததில் மனைவி அயோலாவுக்கும் பங்குண்டு.

தேதிகளைக் கவனியுங்கள். 1967 டிசம்பர் கடைசியில் உலகத்திலேயே அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்த ஜாஸ் குழுக்களில் ஒன்றை அவரே கலைத்தார். 1968 பிப்ரவரி 29 அன்று சின்சினாட்டி சிம்பொனி இசைக்குழுவோடு ஒரட்டோரியோ அரங்கேறியது. இடையில் இரண்டு மாதம். அப்போது அவர் எந்தத் திருச்சபையிலும் உறுப்பினர் இல்லை. அந்த உருப்படியின் நடுநாயகம் பகைவரை நேசிக்கச் சொல்லும் பகுதி என்று அவரே கருதினார். அடுத்த ஐந்து வாரத்தில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இங்கேதான் யூஜின் ரைட்டிடம் திரும்ப வேண்டும். 1960இல் அமெரிக்கத் தென்மாநிலக் கல்லூரிகளில் இருபத்தைந்து கச்சேரிகள் ஏற்பாடாகியிருந்தன. கறுப்பரான ரைட்டுக்குப் பதில் வெள்ளையர் ஒருவரைக் கூட்டி வந்தால்தான் மேடை என்றன பல கல்லூரிகள். பிரூபெக் மாட்டேன் என்றார். பெரும்பாலான கச்சேரிகள் ரத்தாயின. அயோலாவோடு சேர்ந்து லூயி ஆம்ஸ்ட்ராங்குக்காக எழுதி, மறு ஆண்டு பதிவான 'உண்மைத் தூதர்கள்' இசை நாடகத்தில், கடவுள் கறுப்பராக இருக்கக்கூடுமா என்ற கேள்வியைச் சுற்றி ஒரு பாட்டு. பின்னணியில் கிரெகோரியன் ஜெபம் போன்ற குரல்கள், முன்னால் ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரல். எழுதியவர்கள் கிண்டல் என்று நினைத்ததை ஆம்ஸ்ட்ராங் கண்ணீரோடு பாடினார். என் கணக்கில் பிரூபெக்கின் முதல் புனித உருப்படி அதுதான். பட்டியல்கள் அதைச் சேர்ப்பதில்லை.

1969இல் வந்த 'நீதியின் வாசல்கள்' சின்சினாட்டி யூதக் கோயில் ஒன்று கேட்டு எழுதியது. யூத வழிபாட்டுப் பாடகர் ஒருவரின் டெனர் குரலையும், ஆன்மிகப் பாட்டும் புளூஸும் தெரிந்த கறுப்பர் ஒருவரின் பாரிடோன் குரலையும் எதிரெதிரே வைத்து, எபிரேய வேதவரிகளோடு கிங்கின் சொற்களையும் சேர்த்தார். கிங்கின் மரணத்துக்குப் பிறகு இரு சமூகங்களுக்கும் இடையில் விரிசல் விட்டிருந்த நேரம். கிறித்தவ இசைக்காரர் என்று அவரை ஒரு கட்டத்துக்குள் அடைப்பது கடினம்.

கோயிலுக்குள் எந்த இசை வரலாம் என்ற கேள்விக்கு அடியில் யார் வரலாம் என்ற கேள்வி ஒளிந்திருக்கும். எல்லிங்டனை மறுத்த வாஷிங்டன் போதகர்களும் கறுப்பர்களே என்பதால் இது வெறும் நிறப் பிரச்சினை என்று முடித்துவிட முடியாது. சொந்தச் சமூகத்தின் கீழ்த்தட்டு மீது மேல்தட்டு காட்டும் கூச்சமும் அதில் உண்டு. தமிழ்க் கிறித்தவத்தில் இதே கதை வேறு வேடத்தில் நடந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800 வாக்கில் குறவஞ்சி உருவத்தை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். குறி சொல்லும் குறத்தியும் சிங்கனும் கிறித்துவின் கதைக்குள் வந்தார்கள். பிறகு வந்த புதிய மிஷனரிகள் அவருடைய தமிழ் இசையையும் விழா வழக்கங்களையும் புறச்சமயத்துப் பழக்கம் என்று எதிர்த்தார்கள். சாஸ்திரியார் இசைக்காக நின்றார், கூடவே சாதி வேறுபாட்டுக்காகவும் நின்றார். பாதி நியாயமும் பாதி அநியாயமும் கலந்த அந்தச் சண்டையை நம் இசை வரலாறுகள் வசதியாக நியாயப் பாதியை மட்டும் வைத்துச் சொல்லும்.

மறுபாதியைக் கையிலெடுத்தவர் மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்றால் எல்லோருக்கும் தெரியும். கர்நாடக ராகக் கீர்த்தனை மேல்சாதியின் உருவம், ஆராதனையில் பறை ஒலிக்க வேண்டும், நாட்டுப்புற மெட்டில் முழு வழிபாடே நடக்க வேண்டும் என்று அவர் எழுதியும் பாடியும் காட்டினார். சாராயக்கடை இசை என்று ஜாஸைச் சொன்ன வாயும், சாவு மேளம் என்று பறையைச் சொன்ன வாயும் வேறு வேறல்ல. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. அப்பாவு தன் மக்களின் கருவியை உள்ளே கொண்டுவந்தார். பிரூபெக் வெள்ளையர், இரவல் வீட்டுப் பிள்ளை. அது அவருக்கே உறுத்தியது. 1954 நவம்பரில் டைம் இதழின் அட்டையில் அவர் படம் வந்தபோது, ஹோட்டல் அறைக் கதவைத் தட்டி இதழைக் கொண்டுவந்து காட்டியவர் எல்லிங்டன். இந்த அட்டை உங்களுக்கு வந்திருக்க வேண்டியது என்ற சங்கடம் பிரூபெக்கை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

இனி இசைக்குள் இருக்கும் சிக்கல். 1949 ஜனவரியில் ஆன்ரி ல சோ என்ற பிரெஞ்சு பெனடிக்டைன் துறவி திருவண்ணாமலைக்கு வந்தார். பின்னாளில் சுவாமி அபிஷிக்தானந்தர் என்று அறியப்பட்டவர். ரமணாசிரமத்தில் அவரைப் பிடித்து நிறுத்தியவற்றுள் ஒன்று வேதபாராயணம். கெர்கொனான் மடத்தில் கிட்டத்தட்ட இருபது ஆண்டு கிரெகோரியன் ஜெபத்தில் ஊறிய காது அது. ஸ்வரமும் எழுத்தும் பிசகாமல், பாடுகிறவன் தன்னை முன்நிறுத்தாமல் ஓதுவது இரண்டுக்கும் பொது. பாராயணத்தில் கற்பனைக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. ஜாஸோ முழுக்க முழுக்க மனோதர்மம். இன்று வாசித்ததை நாளை அப்படியே வாசித்தால் சக வாத்தியக்காரனே சிரிப்பான். எழுதி வைத்ததைச் சபையே கூடிப் பாடுகிற வழிபாட்டில் இந்த மனோதர்மத்தை எங்கே வைப்பது?

பிரூபெக் கண்ட வழி எளிமையானது, ஓரளவு சமாளிப்பும்கூட. பாடற்குழுவுக்கு எல்லாமே எழுதப்பட்டிருக்கும். இடையிடையே பியானோவும் குழுவும் கற்பனையாக வாசிக்க இடைவெளி விட்டிருப்பார். ஜாஸ் வாசிக்கத் தெரிந்தவர் இல்லாத ஊரில் அந்த இடைவெளியைத் தாண்டிப் போய்விடலாம். நடைமுறையில் இது நல்ல ஏற்பாடு, எத்தனையோ சிறிய சபைகளும் கல்லூரிக் குழுக்களும் அவருடைய இசையைப் பாட முடிந்தது இதனால்தான். ஆனால் தாண்டிப் போகக்கூடிய இடத்தில் இருக்கும் மனோதர்மம் உயிர்நாடியாக இருக்க முடியுமா? நம் மரபில் விருத்தம் பாடுகிறவர் சொல்லை மாற்றாமல் ராகத்தில் அலைகிறார். பாராயணமும் கற்பனையும் ஒரே மூச்சில் நிகழ்கின்றன. பிரூபெக்கில் இவை இரண்டு அறைகளில் நிகழ்கின்றன. அவர் பிரம்மாண்டத்துக்கு ஆசைப்படுகிற இடங்களில், பித்தளைக் கருவிகளும் பெருங்குழுவும் ஒன்றாய் எழும்பும்போது, எனக்கு அது ஹாலிவுட் பைபிள் படத்தின் பின்னணி போல் ஒலிக்கிறது. வசனத்தின் உச்சரிப்பிலிருந்தே தாளத்தை எடுத்து, கைதட்டல் அளவுக்குச் சுருக்கி வைக்கிற இடங்களில்தான் ஆள் தெரிகிறார்.

1970களின் பிற்பகுதியில் 'அவர் ஸண்டே விசிட்டர்' என்ற கத்தோலிக்க வெளியீட்டு நிறுவனம் திருப்பலிக்கு இசை கேட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே அந்தந்த மக்களின் மொழிக்கும் இசைக்கும் கதவு திறந்துவிட்டிருந்தது. தமிழ்நாட்டில் தமிழ்ப் பூசையும் ஹார்மோனியமும் தபலாவும் பீடத்தருகே வந்தது அந்தக் கதவு வழியேதான். பிரூபெக் முதலில் பிடி கொடுக்கவில்லை. எனக்குத் திருப்பலி பற்றி ஒன்றும் தெரியாது என்றார். கடைசியில் எழுதி முடித்த 'நம்பிக்கைக்கு!' நன்றாக வந்தது. கேட்ட குருவானவர் ஒருவர், எல்லாம் சரி, கர்த்தர் கற்பித்த ஜெபத்தைக் காணோமே என்றார். திருப்பலியில் அது இருக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. வேலை முடிந்தது, இனி ஒரு ஸ்வரமும் சேர்க்க மாட்டேன் என்று குடும்பத்தோடு கரீபியன் தீவுக்கு விடுமுறைக்குப் போய்விட்டார். அங்கே ஓர் இரவு அந்த ஜெபம் முழுவதும் குழுவும் வாத்தியமுமாகக் கனவில் கேட்டதாம். எழுந்து எழுதினார். 1980இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். மதம் மாறினீர்களா என்று கேட்பவர்களிடம், மாறுவதற்கு முன்னால் ஏதாவது ஒன்றாக இருந்திருக்க வேண்டுமே, நான் சேர்ந்தேன், அவ்வளவுதான் என்பார்.

கனவில் பாட்டு வருவதைத் தமிழ் மரபு எளிதாக ஏற்றுக்கொள்ளும். முருகன் நாவில் எழுதினான், அடியெடுத்துக் கொடுத்தான் என்ற கதைகளோடு வளர்ந்தவர்கள் நாம். எனக்கு அந்தக் கனவைவிட அதற்கு முந்தைய பிடிவாதம் சுவாரசியமாக இருக்கிறது. இனி ஒரு ஸ்வரமும் சேர்க்க மாட்டேன் என்பது தொழில்காரனின் பேச்சு. ஒப்பந்தம் முடிந்தது, கணக்குத் தீர்ந்தது என்ற பேச்சு. 1987இல் போப் இரண்டாம் ஜான் பால் சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் விளையாட்டரங்கில் நுழையும்போது ஒலிக்க இசை கேட்டபோதும் இதே கதை. பேதுருவைப் பாறையாகச் சொல்லும் ஒற்றை வசனத்தை மட்டும் கொடுத்து இசையமைக்கச் சொன்னார்கள். முடியாது என்றார். பிறகு பாக் இருந்தால் இந்த ஒற்றை வாக்கியத்தை எப்படிச் சமாளித்திருப்பார் என்று யோசித்து, கோரலும் ஃபியூகுமாக எழுதிக் கொடுத்தார். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எடுத்து வெவ்வேறு இடத்தில் தொடங்கி அடுக்குகிற நிரவல்காரரின் புத்தி அது.

இந்த வழியில் எதிர்த்திசைப் போக்குவரத்தும் நடந்திருக்கிறது. 2005இல் இளையராஜா திருவாசகத்தைப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு பதிவு செய்தபோது அதை வெளியிட்ட 'தமிழ் மையம்' கத்தோலிக்கக் குருவான ஜெகத் கஸ்பர் ராஜுடையது. அதில் வரும் ஆங்கில வரிகளை எழுதியவர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ், மத்தேயு நற்செய்தியை ராக் இசை நாடகமாக்கிய 'காட்ஸ்பெல்' அவருடையது. ரமணரிடம் ஈடுபாடு கொண்டு திருவண்ணாமலைக்கு அடிக்கடி வரும் ஒருவர், இந்த ஊரில் சில பகுதிகள் பாடப்பட்ட நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிரியார் துணையோடு, ஹங்கேரியில் போய்ப் பதிவு செய்தார். சைவ மேடைகளிலிருந்து அதற்கு வந்த முணுமுணுப்பும் வாஷிங்டன் போதகர்களின் முணுமுணுப்பும் ஏறக்குறைய ஒரே சுருதிதான்.

போர்முனையில் தோன்றிய அந்தப் பழைய வழக்கைப் பிரூபெக் விடவில்லை. கொல்லக் கூடாது என்ற கட்டளை உள்ளிட்ட 'கட்டளைகள்' 2005இல்தான் பாடற்குழு இசையாக முழுமை பெற்றது. அப்போது அவருக்கு வயது எண்பத்து நான்கு, அமெரிக்கா இராக்கில் போர் நடத்திக்கொண்டிருந்தது. 1958இல் அவர் நால்வர் குழுவோடு அமைதித் தூதராகப் போய் வாசித்த அதே இராக்கில். 2012 டிசம்பர் 5 அன்று, தொண்ணூற்று இரண்டாம் பிறந்த நாளுக்கு முந்தைய நாள், இறந்தார். செய்தித்தாள்களின் அஞ்சலிக் குறிப்புகளில் பெரும்பாலானவை 'டேக் ஃபைவ்' பற்றியவை. அந்தப் பாட்டை எழுதியதும் அவரல்ல, டெஸ்மண்ட்.